முடியலக்கா

பலகையில் 9.4 என்று வந்தது, மஞ்சள் நிறத்தில்.

இசக்கி தடத்துக்கு வெளியே கைகளையும் முட்டிகளையும் ஊன்றி இருமிக்கொண்டிருந்தாள். உள்ளரங்கில் காற்று வறண்டிருக்கும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடியவர்கள் எல்லோருமே இருமுவார்கள். ஆனால் இவளுக்கு இருமல் நிற்கவில்லை. இரண்டு பெண்கள் ஓடிவந்து தூக்கி உட்கார வைத்தார்கள். அப்போதும் அவள் பலகையைத்தான் பார்த்தாள்.

தகுதிச் சுற்றில் மூன்றாவது இடம். மறுநாள் இறுதிப் போட்டியில் ஓடலாம். இருந்தும் யாரும் கை தட்டவில்லை. மேல் வரிசைகளிலிருந்து "ஊ..." என்று ஒரு சத்தம் இறங்கி வந்தது.

"ஒன்பது புள்ளி நாலா?" என்றார் பயிற்சியாளர் தனுஷ்கோடி சார். "அந்தப் பிள்ளையப் பாரும்மா. மூச்சே வரல. அதுகிட்ட இன்னும் ஒன்பது இருக்காம். எங்க இருக்கு? காலுக்குள்ளயா, பைக்குள்ளயா?"

நான் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன்னத்தான் கேக்குறேன் வினோலியா. நீதானம்மா இதுக்குப் படிச்சவ."

"கருவி சரியாத்தான் இருக்கு சார்."

அது பொய் இல்லை. கருவி சரியாகத்தான் இருந்தது.

அதன் முறையான பெயர் எஞ்சுதிறன் அளவி. தொடையில் ஒரு பட்டை, நெஞ்சில் ஒரு பட்டை. ஓடி முடித்தவரிடம் இன்னும் நூற்றுக்கு எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று அது சொல்லும். தமிழ்ச் செய்திகளில் அதை மிச்சம் என்றார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வேண்டுமென்றே தோற்ற சில ஓட்டக்காரர்கள் பிடிபட்ட பிறகு சர்வதேசச் சங்கம் அதைக் கட்டாயமாக்கியது. தகுதிச் சுற்றில் பத்து வரை பொறுத்துக்கொள்வார்கள். இறுதிப் போட்டியில் ஐந்தைத் தாண்டினால் எச்சரிக்கை. இரண்டாவது எச்சரிக்கை வந்தால் இரண்டு ஆண்டுத் தடை. இசக்கி ஆசியப் போட்டியிலேயே ஒன்று வாங்கியிருந்தாள்.

விளையாட்டோடு அது நிற்கவில்லை. வீட்டு வாசலில் பொட்டலம் கொடுப்பவர்கள் இப்போது பட்டை கட்டியிருக்கிறார்கள். சில விடுதிப் பள்ளிகளின் மதிப்பெண் அட்டையில் மிச்சத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் என் சித்தி ஒருமுறை சித்தப்பாவிடம், "உமக்கு ஒரு பட்டையக் கட்டி விட்டாத் தெரியும் வண்டவாளம்" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

இந்திய அணியின் அளவித் தொழில்நுட்பர் நான். பால்டிக் கடலோரத்தில் அந்த நகரத்துக்கு வந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. மார்ச் மாதம். வெளியே இன்னும் பனி.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் இசக்கி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டில் வேகவைத்த உருளைக்கிழங்கு மட்டும். அதற்குள் அவள் அம்மா போனில் கூப்பிட்டார். முத்தையாபுரத்தில் உப்பள வேலை அவருக்கு. சத்தமாகப் பேசுவார். ஒலிபெருக்கியே தேவைப்படவில்லை.

"ஏட்டி, டிவியில போட்டாவ. மிச்சம் வச்சிட்டியாமே?"

"இல்லம்மா."

"தெருவுல கேக்காவ. அவ்வளவு தூரம் போயி அரை ஓட்டம் ஓடுதாளேன்னு. நான் என்னன்னு சொல்ல?"

"முழுசாத்தாம்மா ஓடுனேன்."

"அப்ப மிஷினு பொய் சொல்லுதா?"

இசக்கி என்னைப் பார்த்தாள். "மிஷினு எங்கயாவது பொய் சொல்லுமாம்மா? நாளைக்கு அஞ்சுக்குக் கீழ கொண்டாந்துருவேன். வைக்கட்டா?"

"எப்படிக் கொண்டுவருவ?" என்று கேட்டேன்.

"ஏழரைச் சுத்துல, அஞ்சு சுத்து எப்பவும்போல. அதுக்குப் பொறவு அன்னைக்கு உங்க டெஸ்ட்ல ஓடுனேன்லா, அந்த மாதிரி. என்ன, விழுந்தா கோட்டுக்கு அந்தப் பக்கம் விழணும்." அவள் சிரித்தாள். "இந்தப் பக்கம் விழுந்தாத்தான் கேவலம்."

நான் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

அந்தச் சோதனை முந்தைய ஜூலையில் பெங்களூரில் நடந்தது. ஒவ்வொரு வீராங்கனைக்கும் முதலில் அவளுடைய ஜீரோவைக் கருவிக்குக் காட்ட வேண்டும். ஓடுபொறியில் ஓடவிட்டு, இனி ஆகாது என்று அவள் சொல்லும் இடத்தைப் பதிவு செய்வோம். பட்டை கட்டும்போது இசக்கி என்னிடம் கேட்டாள், "ஜீரோன்னா ஒண்ணுமே இருக்காதாக்கா?"

"இருக்கும். வண்டி ரிசர்வுல விழும்லா? அதுமாதிரி மூளை கொஞ்சத்த ஒளிச்சு வச்சிக்கிட்டு, தீந்துபோச்சுன்னு சொல்லும். எல்லாருக்கும் அந்த இடந்தான் ஜீரோ."

"ரிசர்வும் தீந்துட்டா?"

"இதயம் தாங்காது. அங்க போகக் கூடாது."

விதிப்படி பதினைந்து விநாடிக்கு ஒருமுறை தொழில்நுட்பர் ஆங்கிலத்தில் கேட்பார், ஓடுபவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். ஆங்கிலம் என்றாலே இசக்கிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நானும் அவளும் ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள். அதனால் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். அந்த யோசனை எனக்கே பிடித்திருந்தது.

"முடிஞ்சுதான்னு கேப்பேன். இன்னும் ஓடுவேன்னா முடியலன்னு சொல்லு. போதும்னா முடிஞ்சுதுன்னு சொல்லு. அந்த நேரமே பொத்தான அமுக்கிருவேன்."

முதல் நான்கு முறையும் அவள் "முடியல" என்றாள். ஐந்தாவது முறை "முடியலக்கா" என்றாள். ஆறாவது முறையும் ஏழாவது முறையும் அதுதான். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏழாவது பதிலுக்குப் பத்து விநாடி கழித்து முகம் குப்புற விழுந்தாள். திரையில் அவளுடைய இதயத் துடிப்பு பதினோரு விநாடிக்குத் தாறுமாறாக ஓடி, பிறகு ஒழுங்குக்கு வந்தது. அதைப் பார்த்தது நான் மட்டும்தான். மற்றவர்கள் எண்ணைப் பார்த்தார்கள். ஆசியாவிலேயே அவ்வளவு ஆழமான ஜீரோ யாருக்கும் இல்லை. அறையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். இயக்குநர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அன்று மாலை அறிக்கை எழுதுவதற்காக ஒலிப்பதிவைக் கேட்டேன். ஒரே சொல்தான். முதல் நான்கு தடவை அதற்கு இன்னும் ஓடுவேன் என்று பொருள். கடைசி மூன்று தடவை என்னால் ஆகவில்லை, நிறுத்து என்று பொருள். நாற்பது விநாடி அவள் என்னிடம் கெஞ்சியிருக்கிறாள். படிவத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு எழுத வேண்டும். ஏழு இடத்திலும் 'இன்னும் இல்லை' என்று பொருள்படும்படியே எழுதி அனுப்பினேன்.

அவளுடைய ஜீரோ இப்போது ரிசர்வுக்குள் இருந்தது. உயிரை விட்டு ஓடினாலும் கருவி ஒன்பது பாக்கி என்றுதான் காட்டும். அணித் தேர்வில் ஒடிசாவின் பசந்திக்கும் இவளுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. "இசக்கியம்மாளிடம் ஆழம் அதிகம்" என்று எழுதி இவளை எடுத்தார்கள். அந்தக் குறிப்பையும் நான்தான் மேலே அனுப்பினேன்.

உருளைக்கிழங்குத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் இசக்கியிடம் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் முள்கரண்டியைப் பார்த்துச் சொன்னேன்.

"எனக்குத் தெரியுமேக்கா" என்றாள் அவள்.

நான் நிமிர்ந்தேன்.

"சொன்னது நாந்தான. எனக்குத் தெரியாதா? அந்த நேரத்துல முடிஞ்சுதுன்னு சொல்லணும்னே மறந்துபோச்சு. வாயில வந்தது அதுதான்."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"கண்ண முழிச்சுப் பாக்கேன், எல்லாரும் கை தட்டுதாவ. ஒரு சார் அழுதாரு. அப்பப் போயி, நான் நிறுத்தத்தான் கெஞ்சுனேன், இந்த அக்காவுக்கு வெளங்கலன்னு எப்படிச் சொல்ல? வெக்கமா இருந்துச்சு." உருளைக்கிழங்கைக் கையாலேயே உதிர்த்தாள். "பொறவு டீம்ல எடுத்துட்டாவ. அப்ப அதவிட வெக்கம்."



"நாளைக்கு அப்படி ஓடாத" என்றேன்.

"ஓடலன்னா ரெண்டு வருசம் வீட்டுல இருக்கணும். எங்க தெருவுல."

சங்கத்தின் அளவீட்டுப் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் இங்கெர் என்ற நார்வேப் பெண்மணி. அரங்கத்தின் மூன்றாவது மாடியில் அவர் அறை. கதவுக்கு வெளியே இருபது நிமிடம் நின்றேன். யாராவது வெளியே வந்தால் திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. யாரும் வரவில்லை.

அவர் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டார்.

"இரண்டுக்கும் ஒரே சொல்லா?"

"ஆமாம். பேச்சில் ஒரே சொல்தான்."

"அப்படியானால் உங்கள் ஊரில் எப்படி வேறுபடுத்துகிறீர்கள்?"

"சொல்பவரின் முகத்தைப் பார்த்தால் தெரியும்."

"நீங்கள் பார்க்கவில்லையா?"

"திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

அவர் தலையசைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாற்பது விநாடி. ஆகாது என்று சொன்ன பிறகு இன்னும் நாற்பது விநாடி ஓடியிருக்கிறாள்."

"தவறு என்னுடையது. அவளைத் தண்டிக்கக் கூடாது."

"இல்லை, இல்லை. அவளை ஏன் தண்டிக்கப் போகிறோம்? நாளைக்கு அவள் எண்ணைப் பலகையில் போட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆய்வில் இருக்கிறது என்று குறிக்கலாம். எச்சரிக்கையும் கிடையாது." எழுந்து என் கையைப் பிடித்தார். "நீங்கள் வந்து சொன்னது மிகப் பெரிய விஷயம்."

படியில் இறங்கும்போது எனக்கு உடம்பில் எடையே இல்லை.

இறுதிப் போட்டியில் இசக்கி ஒன்பது பேரில் ஆறாவதாக வந்தாள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்த பிறகு, சாய்ந்த வளைவின் மேல்பக்கமாகச் சுற்றி இரண்டு பேரைத் தாண்டினாள். நான்கு நிமிடம் பதினோரு விநாடி. அதுவரை அவள் ஓடியதிலேயே அதுதான் வேகம். கோட்டைத் தாண்டி நடந்தாள், குனிந்தாள், இருமினாள். அவள் பெயருக்கு நேரே பலகையில் எண் இல்லை. ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது.

"ஆய்வுன்னு போட்டுருக்கான். என்ன ஆய்வாம்?" என்றார் தனுஷ்கோடி சார். "யாரும்மா இவங்ககிட்டப் பேசுனது?"

"தெரியல சார்."

அதைச் சொல்லவும் எனக்கு வாய் வந்தது.

மே மாதத்தில் சங்கத்திடமிருந்து சுற்றறிக்கை வந்தது. இதுவரை பதிவான ஜீரோக்கள் அனைத்தும் மேலோட்டமானவை. இனி ஆகாது என்று வீராங்கனை சொன்ன பிறகும் உடலில் நாற்பது விநாடிக்கான திறன் இருப்பது தெரியவந்திருக்கிறது. எனவே எல்லோருடைய ஜீரோவும், அந்தச் சொல்லுக்குப் பின் நாற்பதாவது விநாடியில் புதிதாகப் பதிவு செய்யப்படும். அவரவர் மொழியில் அந்தச் சொல் எது என்பதை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். கருவியே கேட்டுக்கொண்டு, கருவியே எண்ணும். தொழில்நுட்பரிடம் சிவப்பு விசை ஒன்று மட்டும் இருக்கும். அதை அமுக்கினால் சோதனை செல்லாது. அடுத்த வாய்ப்பு ஓராண்டுக்குப் பிறகு.

கடைசிப் பத்தியில் என் பெயர் இருந்தது. 'இந்தியத் தொழில்நுட்பர் வினோலியாவின் கூர்ந்த கவனிப்பிலிருந்து' என்று இருந்தது. அப்பா அதைத் தமிழில் எழுதி எங்கள் திருச்சபைத் தாளில் போடக் கொடுத்தார்.

டாக்டர் இங்கெருக்குக் கடிதம் எழுதினேன். பதினோரு விநாடி இதயத் துடிப்பைப் பற்றி எழுதினேன். அன்றே பதில் வந்தது. ஒவ்வொரு சோதனையிலும் மருத்துவர் ஒருவர் உடன் இருப்பார், நான் இவ்வளவு தன்னடக்கமாக இருக்க வேண்டியதில்லை.

இசக்கிக்கு நான்தான் சுற்றறிக்கையைப் படித்துச் சொன்னேன்.

"இனிமே எல்லாத்துக்குமாக்கா?"

"ஆமா."

"நீங்க போயிச் சொன்னது எனக்காகத்தான?"

"ஆமா."

"ம்" என்றாள்.  திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூனில் பெங்களூரில் பன்னிரண்டு பேருக்கு மறுசோதனை. முந்தைய நாள் சாப்பாட்டு நேரத்தில், இசக்கி பெண்கள் நடுவே உட்கார்ந்து தனக்குத் தெரிந்த இந்தியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது விநாடி கையில் இருக்கும்போதே அந்தச் சொல்லைச் சொல்லிவிட வேண்டும். சும்மா சொன்னால் போதாது, அழுகிற மாதிரி சொல்ல வேண்டும். அரியானாப் பெண் ஒருத்தி தட்டைப் பிடித்துக்கொண்டு "நஹி ஹோகா!" என்று கதறினாள். மலையாளப் பெண் "வய்யா, வய்யா" என்று தோழியின் மடியில் சாய்ந்தாள். எல்லோரும் புரையேறச் சிரித்தார்கள்.

"ஏட்டி, சாகுத மாதிரி சொல்லச் சொன்னா, பசிக்குத மாதிரி சொல்லுத" என்றாள் இசக்கி.

நான் தண்ணீர் பிடிக்க வந்தவள்போல் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாட்களில் பதினோரு பேர் ஓடினார்கள். எல்லோரும் கதறினார்கள். எல்லோரும் நாற்பது விநாடியை முடித்துவிட்டு இறங்கி நடந்தார்கள். மருத்துவர் திருப்தியாகத் தலையாட்டினார். நானும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன்.

பன்னிரண்டாவதாகப் பசந்தி வந்தாள். போன ஆண்டு நேரத்தில் குறை இல்லாமலே விடுபட்டவள். ஒல்லியான பெண், பேச்சு குறைவு. ஒடிய மொழியில் அவளுடைய சொல் 'பாருனி'. அதைக் கருவியில் ஏற்றினேன். துண்டு பிடிக்க இசக்கி வந்து சுவரோரம் நின்றாள்.

பசந்தி வெகுநேரம் ஓடினாள். பிறகு மெல்ல, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல, "பாருனி" என்றாள். திரையில் நாற்பது வந்தது. முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு.

மற்றவர்களைவிட இவள் நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா." இசக்கி என் தோளைப் பிடித்தாள். "அவகிட்ட நான் சொல்லல."

"என்னத்த?"

"அவ இன்னைக்குக் காலைலதான ரயில்ல வந்து எறங்குனா. நேரா இங்க கூட்டியாந்துட்டாவ. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

திரையில் பதினெட்டு. பசந்தி இன்னொரு முறை அதே சொல்லைச் சொன்னாள். கருவி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒருமுறை கேட்டால் அதற்குப் போதும். மருத்துவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் பதினஞ்சுதான், வரும்" என்றார்.

நான் சிவப்பு விசையை அமுக்கினேன்.

பொறி மெல்ல நின்றது. பசந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். உதடு நீலமாக இருந்தது. மூச்சு திரும்புவதற்கு முன்பே என்னைப் பார்த்து இந்தியில் கேட்டாள்.

"ஏன் நிறுத்தினீர்கள்?"

"நீதான் சொன்னாய்."

"எல்லாரும்தான் சொன்னார்கள். அவர்களை நிறுத்தினீர்களா?" அவள் இன்னும் கம்பியை விடவில்லை. "இன்னும் பதினைந்துதான் இருந்தது. ஓடியிருப்பேன். போன வருஷம் ஆழம் இல்லை என்றீர்கள். இந்த வருஷம் நீங்களே நிறுத்திவிட்டீர்கள்."

  இசக்கி துண்டை நீட்டினாள். பசந்தி அதை வாங்காமல், காலணியைக் கூடக் கழற்றாமல் சுவரைப் பிடித்தபடியே வெளியே போனாள். இசக்கி துண்டோடு பின்னால் ஓடினாள்.

மருத்துவர் பையை மூடிக்கொண்டு, "பாவம், நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு" என்றார்.

திரையில் படிவம் திறந்திருந்தது. விசையை அமுக்கிய காரணத்தைக் கேட்டது. இயந்திரக் கோளாறு, மின்தடை, வீராங்கனைக்கு மயக்கம் என்று பட்டியல் இருந்தது. எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் இருந்த வெற்றுக் கட்டத்தில் எழுதினேன்: நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் சுழன்றுவிட்டு, கருவி அதைத் தொழில்நுட்பரின் பிழை என்ற பிரிவில் பதிந்துகொண்டது.